‘தே’ எங்கிருந்து வந்தது? சீனர்களின் தேநீர் வரலாறும் நம் கட்டுரைகளில் வரும் சில பிழைகளும்

கோப்பிக் கடையில் உட்கார்ந்து “தே ஓ கோசோங்” என்று கேட்கிறோம். அந்த மூன்று சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்க. ‘கோசோங்’ மலாய், வெறுமை, அதாவது சர்க்கரை இல்லை. ‘ஓ’ ஹொக்கியன் மொழியில் கறுப்பு, பால் இல்லை. ‘தே’யும் ஹொக்கியன்தான். நாம் தமிழில் எழுதும் தேயிலை, தேநீர் என்ற சொற்களின் தலையில் உட்கார்ந்திருப்பதும் இதே ‘தே’தான்.

சீனர்களின் தேநீர்ப் பழக்கத்தைப் பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் இரண்டு இடத்தில் தவறிவிடுகிறார்கள். ஒன்று எழுத்துப்பிழை. இன்னொன்று, கதையை வரலாறாக எழுதிவிடுவது. முதலாவதற்கு ஒரு மதிப்பெண்தான் போகும். இரண்டாவது கட்டுரையின் நம்பகத்தையே கெடுத்துவிடும். இரண்டையும் வழியிலேயே பார்த்துக்கொண்டு போவோம்.

முதலில் எழுத்து. ‘தேனீர்’ என்று எழுதாதீங்க. தேன் + நீர் சேர்ந்தால்தான் தேனீர். அது தேன் கலந்த நீர். தே + நீர் என்பது எந்த மாற்றமும் இல்லாமல் தேநீர் என்று இயல்பாகப் புணரும். தே + இலை என்பதில் இரண்டு உயிர்கள் சந்திப்பதால் நடுவில் உடம்படுமெய் வேண்டும். ஏகார ஈற்றுக்கு யகரமும் வரலாம், வகரமும் வரலாம். தேயிலையில் யகரம் வந்தது; தே + ஆரம் = தேவாரம் என்று பிரிப்பவர்களுக்கு வகரம் வந்தது. அதற்காக, ‘தே’ என்ற ஓரெழுத்து ஒருமொழிக்குத் தெய்வம் என்று பொருள் இருக்கிறதே, ஆகவே தேயிலை என்றால் தெய்வ இலை என்று விளக்கம் கொடுக்கக் கூடாது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் அது தவறு. தேவாரத்தில் உள்ள ‘தே’ வேறு, தேயிலையில் உள்ள ‘தே’ வேறு.

தேயிலையின் ‘தே’ தென்சீனக் கடற்கரையில் பிறந்தது. சீன எழுத்தில் தேயிலைக்கு ஒரே குறிதான். ஆனால் அதை வடக்கத்தியரும் கண்டோனியரும் ‘சா’ என்று படிப்பார்கள். ஃபூஜியான் மாநிலத்துக் கடலோர மக்களான ஹொக்கியன்காரர்கள் ‘தே’ என்று படிப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் ஹொக்கியன் வணிகர்களோடு பழகி ‘தே’யைக் கப்பலில் ஏற்றினார்கள். ஆங்கிலேயரின் ‘டீ’, பிரெஞ்சுக்காரரின் ‘தே’ எல்லாம் இந்தக் குடும்பம். மலாயின் ‘தே’ ஹொக்கியன் வாயிலிருந்து நேராகவே வந்தது. நிலவழியாகப் போன இடங்களில் ‘சா’ போனது. பாரசீகம், துருக்கி, ரஷ்யா, இந்தி, எல்லாவற்றிலும் ‘சாய்’தான். போர்ச்சுகீசியர் மட்டும் கடல்வழி வந்தாலும் மக்காவில் தங்கியதால் கண்டோனியரின் ‘சா’வைப் பிடித்துக்கொண்டார்கள். கேரளத்தில் ‘சாயா’ குடிக்கிறார்கள், நாம் தேநீர் குடிக்கிறோம். இரண்டுக்கும் ஊர் ஒன்றுதான்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற கதைக்கு வருவோம். ஷென்னோங் என்ற பேரரசர் மரத்தடியில் நீர் கொதிக்க வைத்திருந்தார்; காற்றில் சில இலைகள் பறந்து வந்து அதில் விழுந்தன; குடித்துப் பார்த்தார், புத்துணர்ச்சி வந்தது; ஆண்டு கி.மு. 2737. மாணவர்கள் கட்டுரையை இப்படித்தான் தொடங்குவார்கள். ஷென்னோங் உழவையும் மூலிகை மருத்துவத்தையும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சீனர்கள் போற்றும் தொன்மத் தலைவர். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சீன எழுத்து ஆமை ஓடுகளிலும் எலும்புகளிலும் பொறிக்கப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1200. அதற்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டு முன்பு நடந்ததை, ஆண்டு துல்லியமாக யார் குறித்து வைத்திருக்க முடியும்? ஆகவே இந்தக் கதையை எழுதக் கூடாது என்பதல்ல. ‘என்று சீனத் தொன்மம் கூறுகிறது’ என்ற நான்கு சொற்களைச் சேர்த்தால் போதும். அதைச் சேர்க்கத் தெரிந்த மாணவரை மேலே தூக்கிவிடும் நான்கு சொற்கள் அவை.

சரி, கதை இல்லாமல் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? மண்ணிலிருந்து ஒன்று, எழுத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சியான் நகருக்கு அருகே ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகம் உள்ளது. அவர் இறந்தது கி.மு. 141. அங்கே புதைக்கப்பட்டிருந்த பொருள்களுக்கிடையே மக்கிப்போன இலைக் குவியல் ஒன்று கிடைத்தது. ஆய்வாளர்கள் அதில் காஃபீன், தியானின் என்ற இரண்டு பொருள்களையும் கண்டு, அது தேயிலைதான் என்று 2016இல் வெளியிட்டார்கள். தியானின் தேயிலையின் அடையாளம் மாதிரி. வேறு செடிகளில் அரிது. மறுமையிலும் பேரரசருக்குத் தேயிலை வேண்டுமென்று நினைத்திருக்கிறார்கள்.

எழுத்துச் சான்று இன்னும் சுவையானது, கொஞ்சம் மனத்தைக் குத்துவதும்கூட. கி.மு. 59இல் சிச்சுவான் பகுதியில் வாங் பாவ் என்ற எழுத்தாளர் ஒரு விதவையின் வீட்டில் தங்கினார். அந்த வீட்டு அடிமையிடம் மது வாங்கி வரச் சொன்னார். ‘என்னை வாங்கிய எசமான் இந்த வீட்டைக் காக்கவும் வேலை செய்யவும்தான் வாங்கினார், வேறு ஆளுக்கு மது வாங்கிவர அல்ல’ என்கிற மாதிரி அந்த அடிமை மறுத்துவிட்டான். கோபம் கொண்ட வாங் பாவ் அவனை விலைக்கே வாங்கிவிட்டார். ‘என்னென்ன வேலை என்று எழுதிக் கொடுங்கள், எழுதாததைச் செய்ய மாட்டேன்’ என்றான் அவன். அவர் எழுதினார் பாருங்க: விடியலில் எழுந்து பெருக்குவது முதல் கயிறு திரிப்பது, மீன் பிடிப்பது, வேலி கட்டுவது வரை மூச்சுவிட இடமில்லாத பட்டியல். அதன் நடுவில் தேநீர் காய்ச்சுவதும், அதற்கான பாத்திரங்களைக் கழுவி வைப்பதும், வூயாங் என்ற ஊருக்குப் போய்த் தேயிலை வாங்கி வருவதும் வருகின்றன. படித்து முடித்ததும் அந்த அடிமை தரையில் தலை மோதி, இதற்கு நான் செத்து மண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம், மதுவை வாங்கியே வந்திருப்பேனே என்று அழுகிறான்.

அது நகைச்சுவைக்காக எழுதப்பட்ட பத்திரம். நமக்குச் சிரிப்பு வருமா என்பது வேறு. ஆனால் அந்தக் காலத்திலேயே தேயிலை சந்தையில் விற்கப்பட்டது, விருந்தினருக்குக் காய்ச்சித் தரப்பட்டது என்று அது காட்டுகிறது. அதில் உள்ள எழுத்து ‘து’ என்று படிக்கப்படும் பழைய குறி. அதற்குக் கசப்புக் கீரை என்ற பொருளும் உண்டு. அப்படிப் படிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பிற்காலத்தில் தாங் ஆட்சியின்போது அந்தக் குறியிலிருந்து ஒரே ஒரு கோட்டை நீக்கித் தேயிலைக்குத் தனி எழுத்து ஆக்கிக்கொண்டார்கள். நம் ‘தேனீர்’ ‘தேநீர்’ போலத்தான். ஒரு சின்ன கோடு, பொருள் வேறு.

தேநீர் வரலாற்றில் ஒரே ஒருவர் பெயரைத்தான் மனத்தில் வைக்க முடியும் என்றால் அது லூ யூ (733–804). இவரைக் கைக்குழந்தையாக ஏரிக்கரையில் விட்டுப் போனார்கள். ஒரு புத்த துறவி எடுத்து மடத்தில் வளர்த்தார். துறவி புத்த நூல்களைப் படிக்கச் சொன்னார். பையனுக்கோ கன்பூசியஸ் நூல்கள்மேல் ஆசை. தண்டனையாகக் கழிவறை கழுவுதல், மண் மிதித்தல், மாடு மேய்த்தல். தாள் வாங்க வழியில்லாமல், மூங்கில் குச்சியால் மாட்டின் முதுகில் எழுதிப் பழகினாராம். அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். பிறகு மடத்தைவிட்டு ஓடிக் கூத்துக் குழுவில் சேர்ந்து நடித்தார். இப்படிப்பட்ட ஒருவர்தான் தேநீருக்கென்றே உலகின் முதல் நூலை எழுதினார். மூன்று பாகம், பத்து இயல். செடி, கருவிகள், தயாரிப்பு, நீர், குடிக்கும் முறை என்று ஒன்றையும் விடவில்லை. தேயிலைக்கான அந்தக் கோடு குறைந்த எழுத்து நிலைபெற்றதும் இந்த நூலுக்குப் பிறகுதான்.

அந்தக் காலத்துத் தேநீர் இப்போது நாம் குடிக்கிற மாதிரி இல்லை. இலையை ஆவியில் அவித்து, இடித்து, அச்சில் அழுத்தி வில்லைகளாக்கிக் காய வைப்பார்கள். வேண்டும்போது வில்லையை நெருப்பில் வாட்டி, அரைத்து, சலித்து, கொதிநீரில் போடுவார்கள். லூ யூ நீர் கொதிப்பதை மூன்றாகப் பிரிக்கிறார். மீன்கண் மாதிரி குமிழ் வந்தால் முதல் கொதி. அப்போது கொஞ்சம் உப்பு. ஓரமெல்லாம் முத்துக் கோத்த மாதிரி குமிழ் எழுந்தால் இரண்டாம் கொதி. ஓர் அகப்பை நீரை எடுத்து வைத்துவிட்டு, நடுவில் சுழற்றித் தூளைப் போட வேண்டும். அலை புரண்டால் மூன்றாம் கொதி. எடுத்து வைத்த நீரை ஊற்றி அடக்க வேண்டும். அதற்குமேல் கொதித்தால் குடிக்க ஆகாது. மலையூற்று நீர் சிறந்தது, ஆற்றுநீர் அடுத்தது, கிணற்றுநீர் கடைசி என்கிறார். வெங்காயத்தாள், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு மக்கள் கொதிக்க வைத்ததை அவர் சாக்கடை நீர் என்றே திட்டுகிறார். உப்பை மட்டும் மன்னித்துவிட்டார். நம்முடைய இஞ்சித் தேநீரை அவருக்குக் கொடுக்க முடியாது.

பழக்கம் பரவினால் வரி வரும். 782இல் தாங் அரசு தேயிலைக்கு வரி போட்டது. இடையில் நிறுத்தி, 793இல் பத்தில் ஒரு பங்கு என்று மறுபடி கொண்டுவந்தது. அதன்பின் தேயிலை அரசாங்கத்தின் கைவிட்டுப் போகவே இல்லை.

சோங் ஆட்சியில் குடிக்கும் முறை மாறியது. தூளைக் கிண்ணத்திலேயே போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பம் போன்ற கருவியால் நுரை பொங்க அடித்தார்கள். யாருடைய வெண்ணுரை அதிக நேரம் நிற்கிறது என்று போட்டியே நடக்கும். நுரையின் வெண்மை தெரிய வேண்டுமென்பதால் ஃபூஜியானில் செய்த கறுப்புக் கிண்ணங்களுக்கு மவுசு. பேரரசர் ஹுய்ட்சோங்கே 1107 வாக்கில் தேநீரைப் பற்றி இருபது பகுதிகளில் நூல் எழுதினார். ஓவியத்திலும் கையெழுத்துக் கலையிலும் வல்லவர், நாட்டைக் காப்பதில் அல்ல. 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜூர்சென் படை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. சிறையிலேயே 1135இல் இறந்தார். அந்த நுரைத் தேநீர் சீனாவில் மறைந்தது. ஆனால் அதற்குள் புத்த துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போயிருந்தது. 1191இல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற துறவியின் பெயர் இதில் முக்கியம். இன்று ‘மாட்சா’ என்று கடைகளில் வாங்குகிறோமே, அது இந்தச் சோங் காலத்து முறையின் வாரிசு. ஜப்பானியர் கண்டுபிடித்தது என்று எழுதிவிடாதீங்க.

சீனாவில் ஏன் மறைந்தது? இங்கே ஓர் ஏழை விவசாயி மகன் வருகிறார். மிங் ஆட்சியை நிறுவிய ஹோங்வூ பேரரசர். அரண்மனைக்குக் காணிக்கையாக அனுப்பும் தேயிலையை இடித்து, அழுத்தி, அலங்கார வில்லைகளாக்குவதில் மக்களின் உழைப்பு வீணாகிறது என்று, 1391இல் வில்லைக் காணிக்கையை நிறுத்தினார். இனி இலையாகவே அனுப்பினால் போதும். அரண்மனை குடிப்பது மாறியதும் நாடும் மாறியது. இலையை வெந்நீரில் ஊற வைத்து வடித்துக் குடிப்பது பொதுப் பழக்கமானது. ஊற வைக்க ஒரு பாத்திரம் வேண்டுமே. அப்படித்தான் தேநீர்க் கூசாவுக்குப் பெருமை வந்தது. யிசிங் நகரத்துச் செந்நீலக் களிமண் கூசாக்கள் இன்றும் பெயர் பெற்றவை. தே போத்தலோ, மேசைமேல் இருக்கும் கூசாவோ, அது 1391 ஆணையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

அதே பேரரசர்தான் தம் மருமகனையே தேயிலைக்காகச் சாகடித்தவர். திபெத்தில் தேயிலை விளையாது, ஆனால் வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீர் இல்லாமல் அவர்களால் இருக்க முடியாது. சீனாவுக்குப் போர்க்குதிரை வேண்டும். இதற்காகச் சோங் அரசு 1074இலேயே சிச்சுவானில் தேயிலை, குதிரைக்கான தனி அலுவலகம் திறந்திருந்தது. தேயிலை கள்ளமாகப் போனால் குதிரையின் விலை ஏறும், எல்லை பலவீனமாகும். எனவே கடத்தலுக்கு மரண தண்டனை. இளவரசியின் கணவர் ஓயாங் லுன் தம் செல்வாக்கை நம்பிக் கடத்தினார். 1397இல் மாமனார் விட்டுக்கொடுக்கவில்லை.

வகைகளைப் பற்றி ஒரு குழப்பம். பச்சை, ஊலோங், கறுப்பு எல்லாம் வெவ்வேறு செடி அல்ல. பறித்த உடனே சூடுகாட்டி நிறுத்திவிட்டால் பச்சை. காற்றோடு வினைபுரிந்து முழுதும் கறுக்க விட்டால் கறுப்பு. நடுவில் நிறுத்தினால் ஊலோங். நாம் கறுப்பு என்பதைச் சீனர்கள் சிவப்புத் தேநீர் என்பார்கள். நாம் இலையைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் கிண்ணத்தைப் பார்த்து வைத்தார்கள். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இது வந்தால் கவனம்.

ஐரோப்பியரிடம் ஆசை பெருகிய பிறகு கதை கசப்பாகிறது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கர் கடலில் கொட்டிய பெட்டிகளில் இருந்தது இந்தியத் தேயிலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது இந்தியாவில் தோட்டமே கிடையாது. அத்தனையும் சீனத் தேயிலை. 1784இல் பிரிட்டன் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5ஆகக் குறைத்ததும் விற்பனை எகிறியது. விலையைச் சீனா வெள்ளியாகவே கேட்டது. பிரிட்டிஷ் துணியோ கடிகாரமோ அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. வெள்ளி வெளியேறுவதைத் தடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் அபின் விளைவித்தது. வணிகர்கள் அதைச் சீனாவுக்குள் கள்ளத்தனமாக இறக்கினார்கள். கோப்பையில் தேநீர் நிறைய, இன்னொரு நாட்டில் வீடு வீடாகக் குடும்பங்கள் அழிந்தன. 1839இல் லின் ஸெஷு என்ற அதிகாரி ஹூமென் கரையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளை அழித்தார். தேயிலையும் ரேவல்சின்னிக் கிழங்கும் இல்லாமல் வெளிநாட்டார் வாழ முடியாது, அதை நிறுத்தினால் பணிவார்கள் என்று அவர் நம்பினார். வந்தது பணிவு அல்ல, போர்க்கப்பல். 1842 நான்கிங் உடன்படிக்கையில் ஹாங்காங் கைமாறியது; ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. தேநீரின் நன்மைகளை மட்டும் எழுதி முடிக்கும் கட்டுரைகளில் இந்தப் பத்தி பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்க வேண்டும்.

சீனத் திருமணங்களில் மணமக்கள் பெரியோருக்குத் தேநீர் கொடுத்து அங்பாவ் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைச் செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைக்காது என்று மிங் காலத்தில் நம்பினார்கள். அதனால் நிச்சயதார்த்தத்தில் தேயிலை கொடுப்பது, இனி மனம் மாறாது என்பதற்கு அடையாளம். அந்த நம்பிக்கையை உடைத்தவர் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர். 1848 முதல் 1851 வரை, தலையை மழித்துச் சடை வைத்து, சீன உடையில் உள்நாட்டுக்குள் போனார். பச்சையும் கறுப்பும் ஒரே செடி என்பதை ஐரோப்பாவுக்கு உறுதிப்படுத்தியவர் அவர்தான். ஏற்றுமதிப் பச்சைத் தேயிலைக்கு நிறம் கூட்ட நீலச் சாயமும் ஜிப்சமும் கலப்பதையும் கண்ணால் பார்த்து எழுதினார். கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளையும், கூடவே தேயிலை பதப்படுத்தத் தெரிந்த சீனத் தொழிலாளர்களையும் கம்பெனிக்காக இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுபோனார். அஸ்ஸாமில் தானாகவே வளர்ந்த தேயிலை இனமும் ஏற்கெனவே பயிராகத் தொடங்கியிருந்தது. இலங்கையில் 1867இல் தேயிலைத் தோட்டம் வந்தது. காப்பிச் செடியை நோய் தின்ற பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். இங்கே கேமரன் மலையில் ‘போ’ தோட்டம் 1929இல் தொடங்கியபோதும் அப்படித்தான். அந்த ‘போ’ என்ற பெயருக்கு, ‘போஹியா’ மலையிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். போஹியா என்பது ஃபூஜியானில் கறுப்புத் தேயிலை பிறந்த வூயி மலையின் பெயர்தான், ஹொக்கியன்காரர் வாயில் கேட்டு வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டபடி.